தூளைக் கழுவிவிட்டு அப்புறம் எல்-2-1 என்று எழுதுங்கள்

கேள்வியின் சாரம் இது. கீழக்கரைப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம். கோபால்ட், மாங்கனீஸ், சிலிக்கான் மூன்றையும் 2 : 1 : 1 என்ற கணக்கில் ஆர்க் உலையில் உருக்கி, அனீல் செய்து (சூட்டில் வைத்துப் பதப்படுத்தி), தூளாக்கி எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர்ச் சிதறல் படம்) எடுத்திருக்கிறார் ஒரு ஆய்வு மாணவர். அணு ஒழுங்கைக் காட்டும் 111, 200 கோடுகள் (எண்கள் படிகத் தளங்களின் பெயர்) இரண்டும் தெரிகின்றன. காந்தத்திறன் ஒரு வாய்பாட்டு அலகுக்கு 4.7 போர் மேக்னட்டான் (அணு அளவிலான காந்தத்திறனின் அலகு). டிஎஃப்டி என்ற குவாண்டம் கணக்கீட்டில் 5 வந்தது, ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பும் உச்ச ஆற்றல் மட்டம்) ஸ்பின் முனைவாக்கம் 100%, அதாவது அங்கே எல்லா எலக்ட்ரானும் ஒரே ஸ்பின், என்றும் வந்தது. மூன்று மாதம் கழித்து அதே தூளை அளந்தால் காந்தத்திறன் இன்னும் இறங்கியிருக்கிறது. "முழுமையான எல்-2-1 ஒழுங்குள்ள அரை உலோக ஃபெரோகாந்தம்" என்று கட்டுரையில் எழுதலாமா என்பது கேள்வி. (எல்-2-1 என்றால் மூன்று தனிமமும் தத்தம் இடத்தில் சரியாக அமர்ந்த படிக ஒழுங்கு.)

தம்பி, இப்போதைக்கு எழுத வேண்டாம். உங்கள் கணக்கீட்டில் பெரிய தவறு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் நீங்கள் பார்த்த அந்த இரண்டு கோடுகளும் உலோகக் கலவையிலிருந்து வந்தவையா, கடல் உப்பிலிருந்து வந்தவையா என்பது இன்னும் தீரவில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தக் கலவையின் அணிக்கோவை அளவு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தின் பக்க நீளம்) 5.654 ஆங்ஸ்ட்ரம். சாப்பாட்டு உப்பின் அணிக்கோவை அளவு 5.640 ஆங்ஸ்ட்ரம். இரண்டும் முகமைய கனசதுர அமைப்பு, இரண்டுக்கும் ஒரே இடவெளிக் குலம் (சமச்சீர் வகை). ஆகவே கோடுகள் விழும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே.

செப்பு எக்ஸ்-கதிர்க் குழாயில், அதாவது 1.5406 ஆங்ஸ்ட்ரம் அலைநீளத்தில், கணக்குப் போட்டுப் பாருங்கள். கலவையின் 111 கோடு 27.3 டிகிரியில், 200 கோடு 31.62-இல், 220 கோடு 45.33-இல் வரும். உப்புக்கு அதே மூன்றும் 27.4, 31.70, 45.45. 200 கோட்டில் வித்தியாசம் 0.08 டிகிரிதான். தூளை ஹோல்டரில் ஒரு மயிரிழை மேலே தூக்கி நிரப்பினாலே அவ்வளவு நகர்ந்துவிடும். இரும்புக் கலவைக்கு மாறினாலும் தப்ப முடியாது: மாங்கனீஸுக்குப் பதில் இரும்பு போட்ட கலவையின் அணிக்கோவை 5.64, உப்போடு அச்சு அசலாகப் பொருந்தும். உள்நாட்டில் உட்கார்ந்து இந்த வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை தோன்றவே தோன்றாது. நம் கரையில் முதலில் சந்தேகிக்க வேண்டியதே இதைத்தான்.

"ஒரு சிட்டிகை உப்பு இவ்வளவு செய்யுமா" என்று கேட்பீர்கள். செய்யும். காரணம் இரண்டு. ஒன்று, கலவையின் 111, 200 கோடுகள் பிறப்பிலேயே மெலிந்தவை. 111 கோட்டின் வலிமை மாங்கனீஸுக்கும் சிலிக்கானுக்கும் உள்ள சிதறல் வித்தியாசத்திலிருந்து வருகிறது. 200 கோடு இரண்டு கோபால்ட்டுக்கும், மாங்கனீஸும் சிலிக்கானும் சேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வருகிறது. 220 கோட்டில்தான் நான்கு அணுவும் ஒன்றுகூடிச் சிதறும். அணு எண்ணை மட்டும் வைத்து மேலோட்டமாகப் போட்டாலும், 220-ஐ 100 என்று வைத்தால் 111-உம் 200-உம் தலா 3 அளவில்தான் வரும். உப்புக்கோ 200 கோடுதான் எல்லாவற்றிலும் பெரியது. இரண்டாவது காரணம், செப்புக் கதிர் இந்தக் கலவைக்குள் ஆழமாகப் போகாது. 31 டிகிரியில் உங்கள் கருவிக்கு வந்து சேரும் சமிக்ஞையில் பெரும்பகுதி மேல்பரப்பின் ஓரிரு மைக்ரோமீட்டரிலிருந்து வருகிறது. உப்பு உட்காருவதும் சரியாக அங்கேதான். தராசுக்குத் தெரியாத உப்பு எக்ஸ்ஆர்டிக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரைந்து நீர்ப்படலமாகிவிடும். கரைந்த உப்புக்குக் கோடு இல்லை. ஏசி அறையில் காய்ந்ததும் மறுபடி படிகமாகும், கோடு வரும். கரையில் மாலை நேரத்தில் எடுத்த படத்தில் இல்லாத கோடு, அதே தூளைக் காரைக்குடிக்குக் கொண்டுபோய் உலர்ந்த அறையில் எடுத்தால் இருக்கலாம். "அனீலிங்குக்கு அப்புறம் ஒழுங்கு கூடியது" என்று எழுதத் தோன்றும். கூடியது ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை, காய்ந்தது உப்பாகவும் இருக்கலாம்.

ஒரு சிறு அடையாளம் இருக்கிறது. நன்றாக ஒழுங்குபட்ட கலவையில் 111-உம் 200-உம் ஏறக்குறைய ஒரே உயரம். உப்பில் 200 கோடு 100 என்றால் 111 கோடு 13 அளவுதான். ஆகவே 200 உயர்ந்தும் 111 குட்டையாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மாங்கனீஸும் சிலிக்கானும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கலந்த பி-2 ஒழுங்கிலும் 200 நிற்கும், 111 மறையும். எல்லா அணுவும் கலைந்த ஏ-2 நிலையில் இரண்டுமே இருக்காது. அப்படிப்பட்ட மோசமான மாதிரியின் மேல் உப்பு படிந்தால், இல்லாத ஒழுங்கை உப்பு கடன் கொடுத்துவிடும்.

தீர்க்க ஒரே எளிய வழி கழுவுவது. 200 மில்லிகிராம் தூளை எடுத்து 20 மில்லி இருமுறை காய்ச்சி வடித்த நீரில் ஐந்து நிமிடம் கலக்குங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. நம் பக்கத்து நிலத்தடி நீரே உவர். தூள் ஃபெரோகாந்தம் என்பதால் வேலை சுலபம்: பீக்கரின் அடியில் வெளிப்புறமாக ஒரு காந்தத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை வடித்தால் தூள் அங்கேயே நிற்கும். வடித்த நீரில் இரண்டு துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் ஒரு துளி சில்வர் நைட்ரேட்டும் விடுங்கள். பால் போல வெளுத்தால் குளோரைடு. அதற்கு முன் வெறும் வடிநீரிலும் இதே சோதனையைச் செய்து, அது தெளிவாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெளுப்பு நிற்கும் வரை, பொதுவாக மூன்று தடவை, கழுவுங்கள். உடனே ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் இரண்டு தடவை அலசி, வெற்றிடத்தில் 60 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, அன்றைக்கே எக்ஸ்ஆர்டி எடுங்கள். தண்ணீரில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடாதீர்கள், மாங்கனீஸ் மேற்பரப்பு அதற்குள் கறுக்க ஆரம்பிக்கும். கழுவியபின் கோடு போனால் அது உப்பு. அதே உயரத்தில் நின்றால் கலவையுடையது. குறைந்து நின்றால் இரண்டும் கலந்திருந்தது, நின்றதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கூடவே வெறும் கண்ணாடி ஹோல்டரை ஓர் இரவு மேசையில் திறந்து வைத்து மறுநாள் 26-லிருந்து 33 டிகிரி வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தெற்குப் பக்க ஜன்னல் திறந்திருந்தால் என்ன வருகிறது, வாடைக் காலத்தில் என்ன வருகிறது என்பது உங்கள் அறைக்கான பின்புலத் தரவு. விரலால் தொட்ட இடத்தில் வியர்வை உப்பும் இருக்கும், கையுறை போடுங்கள்.

மெலிந்த கோடுகள் பின்னணி இரைச்சலில் மூழ்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. செப்புக் கதிரின் ஆற்றல் கோபால்ட், இரும்பு, மாங்கனீஸ் மூன்றையும் ஒளிரச் செய்துவிடும். பின்னணி மேடாகி 3 சதவீதக் கோடு அதில் புதைந்துபோகும். டிடெக்டர் பக்கம் மோனோகுரோமேட்டர் (ஒரே அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) இருந்தால் போடுங்கள், அல்லது ஆற்றல் வரம்பைக் குறுக்குங்கள். 26 முதல் 33 டிகிரி வரை மட்டும் ஒரு படிக்கு 10 விநாடி கொடுத்துத் தனியாக ஓட்டினால் போதும், முழு வீச்சையும் அவ்வளவு நேரம் ஓட்டத் தேவையில்லை.

இனி, இந்தக் கோடுகளுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்பது. அரை உலோகம் என்றால் பாதி உலோகத்தன்மை உள்ள பொருள் என்று பொருளில்லை; உலோகப்போலியும் அல்ல. ஒரே படிகம் மேல்நோக்கு ஸ்பின் எலக்ட்ரான்களுக்கு உலோகமாகவும், கீழ்நோக்கு ஸ்பின் எலக்ட்ரான்களுக்குக் குறைக்கடத்தியாகவும் நடந்துகொள்கிறது. 1983-இல் டி கிரூட்டும் உடன் ஆய்வாளர்களும் நிக்கல்-மாங்கனீஸ்-ஆண்டிமனிக் கலவைக்குப் பட்டைக் கணக்கு போட்டபோதுதான் இந்தப் பெயர் வந்தது. உங்கள் கலவையில் கீழ்நோக்கு ஸ்பின்னுக்கு ஃபெர்மி மட்டத்தில் ஏறக்குறைய 0.8 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளிக்குக் கீழே ஒரு வாய்பாட்டு அலகுக்கு (இரண்டு கோபால்ட், ஒரு மாங்கனீஸ், ஒரு சிலிக்கான்) சரியாக 12 கீழ்நோக்கு எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும். மொத்த இணைதிற எலக்ட்ரான்கள் 9 + 9 + 7 + 4 = 29. மீதி 17 மேல்நோக்கு. 17-இலிருந்து 12 போனால் 5. காந்தத்திறன் ஏன் முழு எண்ணாக 5 வருகிறது என்பதற்கு இவ்வளவுதான் விளக்கம், மொத்த எண்ணிக்கையில் 24 கழிக்கும் ஸ்லேட்டர்-பாலிங் விதியும் இதேதான். இரும்புக் கலவைக்கு 30 எலக்ட்ரான், ஆகவே 6.

அந்த இடைவெளியைப் போற்றிக் காப்பது அணுக்களின் இட ஒழுங்கு. மாங்கனீஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோபால்ட் உட்கார்ந்தால் இடைவெளிக்குள் புது மட்டங்கள் முளைத்து, ஃபெர்மி மட்டத்தில் கீழ்நோக்கு எலக்ட்ரான்களும் ஓடத் தொடங்கும். கோபால்ட்டின் இடத்தில் மாங்கனீஸ் உட்கார்ந்தால் அவ்வளவு கேடில்லை. இடைவெளி பிழைக்கும், காந்தத்திறன் மட்டும் குறையும். இரண்டும் இடமாற்றம்தான், விளைவு தலைகீழ். ஆகவே மாங்கனீஸ் குறைவதுதான் ஆபத்து, கொஞ்சம் கூடுவது அல்ல. இதை அறிந்துதான் ஜப்பானிய ஆய்வாளர்கள் மாங்கனீஸைக் கூட்டிப் போட்டு மெல்லேடு (மெல்லிய படலம்) வளர்த்தார்கள். 2012-இல் மெக்னீசியம் ஆக்சைடு தடுப்போடு அவர்கள் காட்டிய சுரங்கக் காந்தத்தடை (எலக்ட்ரான்கள் தடுப்பை ஊடுருவும்போது, இருபுறக் காந்தத் திசையைப் பொறுத்து மின்தடை மாறும் அளவு) 4.2 கெல்வினில் 1995%, 290 கெல்வினில் 354%.

உங்கள் ஆர்க் உலையில் நேர்எதிராக நடக்கிறது. மூன்று உலோகத்தில் மாங்கனீஸ்தான் முதலில் ஆவியாகும். 5 கிராம் பொத்தானில் (உருக்கி எடுத்த கலவைக் கட்டி) மாங்கனீஸ் 1.37 கிராம். உருக்கி முடித்து எடைபோட்டால் 50 மில்லிகிராம் குறைகிறது என்று வையுங்கள், மொத்தத்தில் 1 சதவீதம்தானே என்று விட்டுவிடுவோம். அது முழுவதும் மாங்கனீஸ் என்பதால் மாங்கனீஸ் கணக்கில் அது 3.7 சதவீதப் பற்றாக்குறை. காலியான அந்த இடங்களில் கோபால்ட் போய் உட்காரும். ஆகவே உருக்கும் முன்பும், ஒவ்வொரு உருக்கலுக்குப் பின்பும் எடை எழுதி வைத்து, இழப்புக்கு ஏற்ப ஆரம்பத்திலேயே மாங்கனீஸைக் கூட்டுங்கள். கோபால்ட்டும் சிலிக்கானும் முதலில் உருகி ஒன்றானபின் அதன் அடியில் மாங்கனீஸ் இருக்கும்படி அடுக்கினால் இழப்பு குறையும். வாங்கி வந்த மாங்கனீஸ் துண்டு பழுப்பாக இருந்தால் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில விநாடி முக்கி, வெள்ளி நிறம் வந்ததும் ஆல்கஹாலில் அலசி அப்போதே எடை போட வேண்டும். ஆக்சைடோடு எடை போட்டால் அங்கேயே பற்றாக்குறை ஆரம்பிக்கிறது. பொத்தானைப் புரட்டிப் போட்டு நான்கு தடவையாவது உருக்குங்கள், ஒவ்வொரு தடவையும் முதலில் டைட்டானியம் துண்டை உருக்கி ஆர்கானில் மிஞ்சிய ஆக்சிஜனைக் குடிக்க வையுங்கள்.

அனீலிங்குக்கு குவார்ட்ஸ் குழாயில் நேரடியாகப் போடாதீர்கள். மாங்கனீஸ் ஆவி சிலிக்காவோடு வினைபுரியும். டாண்டலம் தகட்டில் சுற்றிப் போட வேண்டும். தூளாக்கும்போது இரும்பு அரத்தால் ராவினால் இரும்புத் தூள் கலந்துவிடும். இரும்பின் காந்தமாக்கம் உங்கள் கலவையைவிட அதிகம், காந்தத்தால் பிரிக்கவும் முடியாது. உடைத்து அகேட் கல்வத்தில் அரையுங்கள். அரைப்பதே ஒழுங்கைக் கலைக்கும், கோடுகளை அகலப்படுத்தும். ஆகவே அரைத்தபின் தூளையும் மூடிய குழாயில் 600 டிகிரியில் ஒருமுறை அனீல் செய்துவிட்டு எக்ஸ்ஆர்டி எடுங்கள்.

4.7-க்கு வருவோம். வாய்பாட்டு எடை 200.9. 5 போர் மேக்னட்டான் என்றால் கிராமுக்கு 139 இ.எம்.யு. (கருவி காட்டும் காந்தத்திறன் அலகு) வர வேண்டும். (இ.எம்.யு. எண்ணை வாய்பாட்டு எடையால் பெருக்கி 5585-ஆல் வகுத்தால் போர் மேக்னட்டான்.) நீங்கள் அளந்தது 131 அருகே. இந்த 6 சதவீதக் குறையை உப்பின் தலையில் போட முடியாது. எடையில் 6 சதவீதம் உப்பு இருந்தால் தூள் வெள்ளை பூத்திருக்கும். எக்ஸ்ஆர்டியை ஏமாற்றப் போதுமான உப்பு வேறு, காந்தத்திறனை அளக்கும் விஎஸ்எம் கருவியை ஏமாற்றப் போதுமான உப்பு வேறு. முதலில் கருவியைப் பாருங்கள்: தூய நிக்கல் துண்டை அறை வெப்பத்தில் அளந்தால் கிராமுக்கு 55 சுற்றி வர வேண்டும். பிறகு, 5 என்பது முழுக் குளிரின் எண். கியூரி வெப்பநிலை 985 கெல்வின் என்றாலும் 300 கெல்வினில் ஓரிரு சதவீதம் இறங்கியிருக்கும். தூள் உருண்டைகளுக்குள் வெளிப்புலத்தை எதிர்க்கும் ஒரு காந்தப் புலம் உண்டு, 1 டெஸ்லாவுக்குக் கீழே நிறைவு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இவையெல்லாம் கழித்தும் குறை நின்றால் ஆக்சைடும் இடமாற்றமும்தான். மாங்கனீஸ் கூடியதால் வந்த குறையா என்று பார்க்க ஸ்லேட்டர்-பாலிங் விதியே உதவும்: கோபால்ட் இடத்தில் ஏறிய ஒவ்வொரு மாங்கனீஸுக்கும் 2 போர் மேக்னட்டான் போகும். 0.3 குறைய வேண்டுமென்றால் 0.15 மாங்கனீஸ் அங்கே ஏறியிருக்க வேண்டும். அவ்வளவு நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள்.

கோபால்ட்டும் மாங்கனீஸும் எவ்வளவு இடம் மாறியிருக்கின்றன என்பதை எக்ஸ்-கதிரால் சொல்ல முடியாது. அணு எண் 27-உம் 25-உம், அதன் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். நியூட்ரானுக்கு அப்படியில்லை. அதன் சிதறல் நீளம் கோபால்ட்டுக்கு 2.49, மாங்கனீஸுக்கு எதிர்க்குறியோடு 3.73, சிலிக்கானுக்கு 4.15 ஃபெம்டோமீட்டர். குறியே மாறுவதால் இடமாற்றம் பளிச்சென்று தெரியும். மேலும் நியூட்ரான் சில கிராம் தூள் முழுவதையும் ஊடுருவிப் பார்ப்பதால் மேலே படிந்த உப்பு ஒரு பொருட்டே இல்லை. மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு யுஜிசி-டிஏஇ (பல்கலைக்கழக மானியக் குழு, அணுசக்தித் துறை) கூட்டமைப்பு வழியாக நேரம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், கட்டுரையின் தலைப்பில் அரை உலோகம் என்ற சொல் வர வேண்டுமென்றால் இந்த அளவீடு இல்லாமல் அனுப்பக் கூடாது.

கணக்கீட்டைப் பற்றிச் சுருக்கமாக. மொத்தக் காந்தத்திறன் 5.00 என்று வந்ததா, 4.97 என்று வந்ததா பாருங்கள். பின்னது என்றால் ஸ்மியரிங் (ஆற்றல் மட்டங்களை மங்கலாக்கும் அளவு) அதிகம் அல்லது கே-புள்ளிகள் (கணக்கிடும் மாதிரிப் புள்ளிகள்) போதவில்லை. நிலை அடர்த்திக்கு (ஒவ்வோர் ஆற்றலிலும் எத்தனை எலக்ட்ரான் நிலைகள் என்ற கணக்கு) டெட்ராஹெட்ரான் முறையைப் போடுங்கள். நான்கு அணுக் கூட்டில் இடமாற்றம் என்பதே கிடையாது, அதனால்தான் 100% வருகிறது. 16 அணுக் கூட்டில் ஒரு மாங்கனீஸை மாற்றினால் அது 25% குறை, நடைமுறைக்கு ஒவ்வாது. 128 அணுக் கூட்டில் 32 மாங்கனீஸ் இடங்கள்; ஒன்றை மாற்றினால் 3.1%, உங்கள் 50 மில்லிகிராம் இழப்புக்கு ஏறக்குறைய ஈடு. அந்தக் கணக்கைப் போட்டு நிலை அடர்த்தியைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரும்புக் கலவைக்கு வெறும் ஜிஜிஏ (டிஎஃப்டியில் வழக்கமான தோராயம்) 6-ஐ எட்டாமல் 5.5 பக்கம் நின்றுவிடும்; அங்கே ஹப்பார்டு திருத்தம் (எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கலைச் சேர்ப்பது) தேவைப்படுகிறது.

முனைவாக்கம் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஜூலியேர் 1975-இல் தந்த வாய்பாடே பதில். இரு மின்முனையும் 93% என்றால் காந்தத்தடை மாற்றம் 1280% வரை போகலாம். இரண்டும் 50% என்றால் 67% மட்டுமே. 93% என்பது கற்பனை எண் அல்ல, 2014-இல் இதே கலவையின் மெல்லேட்டு மேற்பரப்பில் அறை வெப்பநிலையிலேயே ஒளியுமிழ்வு முறையில் அளக்கப்பட்டது. வெற்றிடத்தை விட்டு வெளியே எடுக்காமல், வளர்த்த இடத்திலேயே.

அதைத்தான் நம் காற்று அனுமதிக்காது. உங்கள் தூள் மூன்று மாதத்தில் இறங்கியதற்குக் காரணமும் அங்கேதான். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமில்லை, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். வலிநோக்கம் உப்பளத்தில் கசடு நீர் காயாமல் கிடப்பதும், பழைய பாம்பன் பாலத்து இரும்புக்கு ஓயாமல் வர்ணம் பூச வேண்டியிருந்ததும் இதனால்தான். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உலோக அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்ததும் சும்மா இல்லை. தூளின் மேல் படிந்த உப்பு பகலிலும் ஈரமாகவே இருந்து, குளோரைடு ஆக்சைடுத் தோலைத் துளைத்து, மாங்கனீஸை முதலில் தின்னும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) வைத்தேனே என்பீர்கள். உப்போடு உள்ளே வைத்தால் உப்பும் பத்திரமாக இருக்கும். கழுவி உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள். நீல சிலிக்கா ஜெல் வெளிறத் தொடங்கியதுமே எடுத்து 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவையுங்கள், முழுக்க இளஞ்சிவப்பாகும் வரை காத்திருக்க வேண்டாம். தூளாகச் சேமிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பொத்தானாக வைத்திருந்து, அளக்கும் நாளில் வேண்டியதை மட்டும் உடைத்து அரையுங்கள். நியூட்ரானுக்கு அனுப்பும் சில கிராமை, கழுவி உலர்த்திய அன்றே ஆர்கான் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் உருக்கி மூடி அனுப்புங்கள். மூடிய தேதியையும் கடைசிக் கழுவலின் சில்வர் நைட்ரேட் சோதனை முடிவையும் குழாயின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.